வெளுத்த காக்கிக்கு ஒரு முக்கு: மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை

புரட்டாசி பாதி தாண்டிவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். வலசைப் பறவைகளோ மழைக்காகக் காத்திருப்பதில்லை. கிண்டிக் காட்டின் புதர்களுக்குள் ஆறுமணிக்குருவி வந்து இறங்கும் நாட்கள் இவை. பள்ளிக்கரணையில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அடுத்தடுத்து வந்துசேரும். நம் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து இரண்டு இடமும் விடியற்காலையில் எளிதில் போய்விடக்கூடிய தூரம்தான். போன மார்ச்சில் மடித்துவைத்த காக்கிச் சட்டையையும் ஆலிவ் பச்சைக் கால்சட்டையையும் இன்றே வெளியே எடுத்துப் பாருங்கள். தோளும் முழங்காலும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தால் இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான்.

வேட்டைக்காரனின் உடைதான் இது. நம் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு துப்பாக்கி போய் பைனாகுலர் வந்தது, சட்டை மட்டும் மாறவில்லை. கிண்டிக் காடே ஆங்கிலேயர் காலத்தில் வேட்டைக்காடாக இருந்ததுதான். 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798-ல் பறவைகளுக்குப் பாதுகாப்பு எழுத்தில் கிடைத்தது. தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடன் பெயரில் இருக்கும் தாங்கல் இன்னும் தண்ணீரும் கூடுகளுமாக இருக்கிறது. நம் தாங்கல் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சரி, சட்டைக்கு வருவோம்.

முதலில் ஒன்று. வெளுத்தது எல்லாவற்றுக்கும் சாயம் தேவையில்லை. காக்கி என்ற சொல்லே பாரசீகத்தில் தூசியைக் குறிக்கும் ‘காக்’ என்பதிலிருந்து வந்தது. கொஞ்சம் தூசி நிறமாகிப்போன காக்கி கோடைக் காட்டுக்குக் கச்சிதமாகவே பொருந்தும். பறவையைக் கலைப்பது சாயம் போன துணியைவிட, பளிச்சென்று தெரியும் துணியும் திடீரென்று அசையும் கையும்தான். சட்டையை மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டு இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். சிமெண்ட் சுவரோடு கலந்து தெரிந்தால் விட்டுவிடலாம். சுவரைவிட வெளிச்சமாகத் தெரிந்தால் வேலை இருக்கிறது.

அடுத்து, அது சாயம் போனதா, படிவமா என்று பாருங்கள். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில் சோப்பும் உப்பும் நூலிழையில் படிந்து துணி சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு அரைமணி நேரம் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். பாதி நிறம் அப்படியே திரும்பிவிடுவதும் உண்டு. வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

சலவைத்தூளையும் இந்த வாரமே மாற்றுங்கள். ‘வெண்மைக்கு மேல் வெண்மை’ என்று விற்கும் தூள்கள் பலவற்றில் ஒளிர்வூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்பும். வெள்ளை வேட்டிக்கு அது அழகு, காக்கிக்குக் கேடு. அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு அங்கி போடுவார்கள். மானுக்கு அந்த நிறம் பிரிந்து தெரியாது, ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். பறவைகள் இன்னும் ஒரு படி மேலே: ஆரஞ்சும் தெரியும், பெரும்பாலானவற்றுக்குப் புற ஊதாவும் தெரியும். கள்ளநோட்டு பார்க்கும் சின்ன விளக்கை இருட்டறையில் சட்டை மேல் அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் பூந்திக்கொட்டைக் கரைசலிலோ, அடர்நிறத் துணிக்கென்று விற்கும் திரவத்திலோ நாலைந்து தடவை துவைக்க வேண்டும். சொட்டு நீலம் இந்தப் பக்கமே வரக்கூடாது.

இனி சாயம். கழுத்துப்பட்டைச் சீட்டைப் படியுங்கள். முழுப் பருத்தி என்றால் நன்றாகப் பிடிக்கும். டெரிகாட்டன் என்றால் பருத்தி இழை மட்டுமே குடிக்கும், அரைகுறையாகத்தான் வரும். ஆட்டோ அண்ணன்மாரின் காக்கிச் சட்டையும் கிண்டி தொழிற்பேட்டைப் பட்டறைச் சீருடையும் பெரும்பாலும் இந்த ரகம். சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் கால்சட்டைக்கு வீட்டில் எளிய வழி இல்லை. அதற்கான சாயத்தை ஆலைகளில் அழுத்தக் கலனில் 130 டிகிரிச் சூட்டில் ஏற்றுவதுதான் வழக்கம். பருத்திச் சட்டையிலும் தையல் நூல் பாலியெஸ்டராக இருந்தால் தையல் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். என் சட்டையில் அப்படி நின்றது. யாரோ பென்சிலால் கோடு போட்டதுபோல் இருக்கிறது. குருவிகள் குறை சொல்லவில்லை.

எனக்குப் பிடித்த வழி நாட்டு மருந்துக் கடை வழி. அரைக் கிலோ துணிக்குக் கணக்கு சொல்கிறேன்; சட்டையும் கால்சட்டையும் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். துணியைக் கொஞ்சம் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் அலசி எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். எழுபத்தைந்து கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து, இரவு முழுக்கத் துணியை அதில் ஊறப்போடுங்கள். காலையில் அலசாமல் பிழிந்து நிழலில் காயவிடுங்கள். காய்ந்த மாதுளைத் தோல் கால் கிலோவை ஐந்தாறு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். பழச்சாறுக் கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் தோலை எடுத்துவைப்பார். அந்த நீரில் துணியை முக்கால் மணி நேரம் இளஞ்சூட்டில் புரட்டிக்கொண்டே இருந்தால் மஞ்சள் ஏறும். புரட்டாமல் விட்டால் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

மந்திரம் கடைசியில் இருக்கிறது. பத்து கிராம் அன்னபேதியை ஒரு பிளாஸ்டிக் வாளி வெந்நீரில் கரைத்து, மஞ்சள் துணியை முழுதாக ஒரே மூச்சில் முக்குங்கள். கண் முன்னாலேயே ஆலிவ் பச்சையாக மாறும். ஐந்து நிமிடத்தில் எடுத்து அலசிவிடுங்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு, கூடினால் பருத்தி இற்றுப்போகும். பச்சை வேண்டாம், பழுப்புக் காக்கிதான் வேண்டும் என்றால் மாதுளைக்குப் பதில் காசுக்கட்டி போட்டு, அன்னபேதியைப் பாதியாகக் குறையுங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். காய்ந்தால் ஒரு படி இறங்கும். சமையல் பாத்திரம் கூடாது, பழைய எவர்சில்வர் பானை ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். கையுறை போடுங்கள். அன்னபேதிப் பொட்டலம் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது, விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்குப் பச்சைத் தண்ணீரில் ஏறும் ரியாக்டிவ் சாயம் இருக்கிறது. பத்து லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ கல்லுப்பு, மஞ்சள் சாயத்தில் ஒரு சிட்டிகை கறுப்பு. அரைமணி நேரம் கழித்து நூற்றைம்பது கிராம் சலவைச் சோடா சேர்த்து இன்னும் ஒரு மணி நேரம் கிளறுங்கள். ஆப்பசோடா அல்ல, சலவைச் சோடா. கறுப்பைக் கண்மதிப்பில் கொட்டினால் ஆலிவ் வராது, துக்க உடைதான் வரும். எந்த முறையானாலும் போர் தண்ணீரைத் தவிர்த்து மெட்ரோ தண்ணீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரிலுள்ள இரும்பும் சுண்ணாம்பும் நிறத்தை அதன் இஷ்டத்துக்கு இழுத்துப்போகும்.

சாயம் பெயின்ட் இல்லை, அடியில் இருப்பதை மூடாது. பைனாகுலர் வார் படிந்த இடம் கருமையாகவும் சுற்றிலும் வெளுப்பாகவும் இருந்தால், சாயத்துக்குப் பிறகும் அந்த வித்தியாசம் லேசாகத் தெரியும். முன்பைவிட ஒரு படி அடர்த்தியான நிறத்துக்குப் போனால் அது அடங்கும். அதற்காக ராணுவப் புள்ளிச் சட்டையைத் தேடிப் போக வேண்டாம். 2022 ஜனவரியில் வந்த புதிய ராணுவப் போர்ச் சீருடையின் வடிவமைப்பு பதிவு செய்யப்பட்டது, வெளிச்சந்தையில் விற்கக்கூடாது. நமக்கு வெறும் பச்சை போதும்.

மிஞ்சிய சாயத்தண்ணீரைத் தெரு மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள், நம் பகுதியில் அது போய்ச் சேரும் இடம் அடையாறு. நிறையத் தண்ணீர் கலந்து கழிவறையில் விடுங்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011-ல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதை நொய்யல் பக்கத்து உறவினர் யாராவது இருந்தால் விரிவாகச் சொல்வார்கள்.

காயவைப்பது நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி, மணிக்கொரு முறை திருப்பிப்போட்டு. மழை பிடித்துவிட்டால் துணி இரண்டு நாள் ஈரமாகவே கிடக்கும். ஈரம் நின்ற இடத்தில் சாயம் தேங்கி வளையம் வளையமாகக் காயும், பூஞ்சை வாடையும் சேரும். அதனால்தான் இப்போதே செய்யச் சொல்கிறேன். முதல் மூன்று தடவை தனியாகத் துவையுங்கள். கார்த்திகைக்கு மாலை போடுகிறவர் வீட்டில் இருந்தால், அவருடைய கறுப்பு வேட்டியோடு ஒரே வாளியில் ஊறப்போட்டுவிடாதீர்கள். இந்தச் சனிக்கிழமை இரவு கடுக்காயில் போட்டால் அடுத்த ஞாயிறு விடியலில், ஆறுமணிக்குருவி கூப்பிடும் நேரத்துக்குச் சட்டை தயாராக இருக்கும்.