கல்லூரிக் கட்டுரைக்கு எது ஆதாரம்?

நம் வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் சமய வரலாறு படிக்கிறார்கள். ஹதீஸ்கலையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நூலகத்தில் அவர்கள் கைக்கு வருபவை பெரும்பாலும் மேல்நாட்டாரின் நூல்கள். அவற்றைப் படித்து மனம் கலங்குவோர் உண்டு. படிக்காமலே தூற்றுவோரும் உண்டு. இரண்டும் இல்முடையவர்களின் வழியல்ல.

வந்த செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் தரும் பாடம். அறிவிப்பாளர் யார், யாரிடம் கேட்டார், அவரை நேரில் சந்தித்தாரா என்று முஹத்திஸீன்கள் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். அதே அளவுகோலை நூலாசிரியருக்கும் வையுங்கள்.

1. எப்போது எழுதினார்? எதை வைத்து எழுதினார்?

ஜோசப் ஷாக்ட் 1950-இல் ஒரு நூல் வெளியிட்டார். நபி (ஸல்) அவர்களின் பெயரால் வழங்கும் சட்ட ஹதீஸ்கள் ஹிஜ்ரீ 2-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டியே பெருமளவில் தோன்றலாயின என்று அதில் வாதிட்டார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நூல்களையே அவர் பெரிதும் சார்ந்திருந்தார். ஹிஜ்ரீ 211-இல் மறைந்த இமாம் அப்துர் ரஸ்ஸாக் (ரஹ்) அவர்களின் 'முஸன்னஃப்', இந்திய ஆலிம் மௌலானா ஹபீபுர் ரஹ்மான் அஃழமீ (ரஹ்) அவர்களின் உழைப்பால் 1970 முதல்தான் பெய்ரூத்தில் அச்சாகி வெளிவந்தது. ஷாக்டோ 1969-இலேயே இறந்துவிட்டார்.

2. பின்வந்தோர் என்ன சொன்னார்கள்?

அந்த முஸன்னஃபை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹரால்ட் மோட்ஸ்கி, மக்காவின் ஃபிக்ஹு ஹிஜ்ரீ முதல் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தது என்று 1991-இல் எழுதினார். ஆனால் எல்லா ஹதீஸும் ஸஹீஹ் என்று அவர் சொல்லவில்லை. சொன்னதாக எழுதினால் அது அவர்மீது இட்டுக்கட்டுவதாகும்.

3. மூல நூலை நீங்களே பார்த்தீர்களா?

முஸ்தஃபா அஃழமீ (ரஹ்) அவர்கள் ஷாக்டுக்கு 1985-இல் விரிவான மறுப்பு நூல் எழுதினார்கள். அந்த மறுப்பை மட்டும் படித்துவிட்டு, ஷாக்டையே படித்ததுபோல் பக்க எண் போடுவோர் உண்டு. இடையிலுள்ளவரை மறைத்து, நேரில் கேட்டதுபோல் அறிவிப்பதற்கு முஹத்திஸீன்கள் வைத்த பெயர் 'தத்லீஸ்'. அவர்கள் இழித்துரைத்த அந்தச் செயல் நம் கட்டுரையில் மட்டும் ஆகுமா? ஒன்று, மூல நூலைத் திறந்து பாருங்கள்; அல்லது, இன்னாரின் நூல் வழியாக அறிந்தேன் என்று உள்ளபடி எழுதுங்கள்.

4. நம்மவருக்கும் இதே தராசுதானா?

ஆசிரியர் முஸ்லிம் என்பதால் அவருடைய ஆதாரம் வலுப்பெற்றுவிடாது; முஸ்லிமல்லாதவர் என்பதால் வலுவிழந்துவிடவும் செய்யாது. ஆய்வில் வைக்கப்பட்ட சான்றுக்குச் சான்றாலேயே பதில் சொல்ல வேண்டும். பகைமைகூட நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்பதே ஸூரத்துல் மாயிதாவின் 8-ஆம் வசனம் இடும் கட்டளை.

பெற்றோர்களே! பிள்ளையின் கையிலிருக்கும் நூலைப் பிடுங்காதீர்கள். அரபு மூலத்தை வாசித்துக் காட்டும் ஓர் ஆலிமிடம் அழைத்துச் சென்று உட்கார வையுங்கள். சந்தேகத்தைக் கேட்க இடமில்லாத வீட்டில்தான் அது மனத்துக்குள் வளர்கிறது.

உண்மையை உண்மையாக அறிந்து, அதை உள்ளபடி எழுதும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.