எலியின் முதுகும் உங்கள் விரலும்

கேள்வி: ஒரகடத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறேன் டாக்டர். ஷீட் விளிம்பு விரலைக் கிழிப்பது வாடிக்கை. என் ரூமில் இருக்கும் திருவண்ணாமலைப் பையன், காம்பவுண்ட் ஓரத்தில் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்துவிடுவான். ரத்தம் நின்றுவிடும். “இதையெல்லாம் யாரும் டெஸ்ட் பண்ணதே இல்லை, போடாதே” என்கிறார் சூப்பர்வைசர். அவர் சொல்வது சரியா?
– பெயர் வேண்டாம், ஒரகடம்

பதில்: முதல் பாதி தப்பு தம்பி, இரண்டாம் பாதி சரி.

வெட்டுக்காயப் பூண்டின் சாற்றை நம் நாட்டு மருந்தியலாளர்கள் எலிகளிடம் சோதித்து 1982-லேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் புண் ஆறுவது மந்தமாகும்; அந்த மந்தத்தை இந்தச் சாறு ஓரளவு ஈடுகட்டுவதையும் பார்த்தார்கள். (இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. எனவே ‘ஆதிகாலத்து மூலிகை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.)

இத்துறையில் அதிகம் உழைத்தவர்கள் உங்களுக்குப் பக்கத்திலேயே, அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறார்கள். செருப்புத் தோலுக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் கொலாஜன் என்ற புரதத்தின் கதை. பதனிட்ட தோல் பெரும்பாலும் கொலாஜன். புண் ஆறும்போது உடம்பு புதிதாக நெய்வதும் அதையேதான். வல்லாரை, கற்றாழை, கடுக்காய், குப்பைமேனி என்று வரிசையாக அங்கே சோதித்தார்கள். இதில் கடுக்காயை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆவாரம் பட்டையோடு சேர்த்துத் தோல் பதனிடக் காலங்காலமாகப் பயன்பட்ட சரக்கு அது. அதன் துவர்ப்புப் பொருள் கொலாஜனைப் பிடித்து இறுக்கும். அதே கடுக்காய் எலிப்புண்ணைச் சீக்கிரம் ஆற்றுவதாக 2002-ல் எழுதினார்கள்.

சோதனை இப்படி நடக்கும். எலிக்கு மயக்கம் கொடுத்து, முதுகில் மயிரை மழித்து, அளவாக ஒரு வட்டம் வெட்டி எடுப்பார்கள். சில நாளுக்கு ஒருமுறை புண்ணின் விளிம்பை வரைந்து பரப்பைக் கணக்கிடுவார்கள். இன்னொரு வகையில் நேராகக் கீறித் தையல் போடுவார்கள்; ஆறிய தோலை இழுத்து, எவ்வளவு விசையில் பிய்கிறது என்று அளப்பார்கள். உங்கள் குவாலிட்டி லேபில் ஷீட்டை இழுத்துப் பார்ப்பதைப் போலத்தான். இதில் முக்கியமானவை மருந்தே பூசாத எலிகள். சுத்தமான வெட்டுக்காயம் தானாகவே ஆறும். உங்கள் நண்பன் பிழியும்போது விரலை அழுத்தியும் பிடிக்கிறான் அல்லவா? ரத்தம் நின்றது சாற்றாலா, அழுத்தத்தாலா? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விரல் இல்லாமல் சொல்ல முடியாது.

எலியின் புண் பெரும்பாலும் தோல் சுருங்கி மூடும். தோலுக்கு அடியில் அதற்கு ஒரு மெல்லிய தசைப் படலம் உண்டு. நமக்கு உடம்பின் பெரும்பகுதியில் அது கிடையாது. நமக்குப் புதுத்தோல் வளர்ந்துதான் மூட வேண்டும். ஆகவே எலிக்கு ஆன நாள் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ஆய்வகத்தில் பூசியது அளந்து தயாரித்த சாறு; புண்ணும் சுத்தமானது. உங்கள் விரலில் இருப்பது கூலன்ட் எண்ணெய். இலையில் இருப்பது மண். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் அந்த மண்ணில்தான் கிடக்கின்றன. அதனால் பச்சிலை வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அழுக்கான காயம், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் டெட்டனஸ் ஊசி தேவை. விரல் மரத்தாலோ மடங்காவிட்டாலோ நரம்போ தசைநாரோ அறுபட்டிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹைட்ராலிக் குழாயில் பீய்ச்சிய எண்ணெய் குத்தியிருந்தால் ஊசிமுனை அளவு ஓட்டைதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் விரலையே இழக்க வைக்கும் காயம் அது. உடனே அறுவை மருத்துவரிடம் போங்கள்.

இலையைக் கட்டிக்கொண்டு ஷிஃப்ட்டை முடித்தால் அந்த விபத்து எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், வேலையில் பட்ட காயத்தால் மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாதபோது சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். விபத்து அறிக்கை எழுதச் சொல்லி அந்தச் சூப்பர்வைசரிடமே கேளுங்கள்.