பொது மேசையும் தனிப் பூட்டும்

கிராமிய அபிவிருத்தி நிலையங்களில் நாள்முழுதும் இருப்பவர்கள் ஓரிருவரே. ஏனையோர் வந்து போகிறவர்கள்: குடும்பநல உத்தியோகத்தர், விவசாயப் போதனாசிரியர், சமுர்த்தி உத்தியோகத்தர், இரண்டு கிழமைக்கு மட்டும் வரும் கணக்கெடுப்பாளர், பயிற்சி மாணவர். எல்லோருக்கும் தனி மேசை போட்டால் பாதி மேசைகள் தூசி பிடிக்கும். ஆகவே பொது மேசை என்று முடிவு செய்கிறோம். அதில் எதைப் பொதுவாக்கலாம், எதை ஆக்கக்கூடாது என்பதே இங்கு எமது கேள்வி.

அமெரிக்காவில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சியாட்-டே என்ற விளம்பர நிறுவனம் இதனை முற்றாகச் செய்து பார்த்தது. அதன் தலைவர் ஜே சியாட் 1994 இல் ஊழியரின் சொந்த மேசைகளை ஒழித்தார். காலையில் கணினியையும் தொலைபேசியையும் ஓரிடத்தில் பெற்றுக்கொண்டு, விரும்பிய இடத்தில் அமரலாம். சொந்தப் பொருட்களுக்குச் சிறு பெட்டி மட்டுமே. கணினிகள் போதாமல் போயின. முந்தி வந்தவருக்கே கிடைத்தன. கோப்பு வைக்க இடமின்றிச் சிலர் தமது காரின் பின்பெட்டியைப் பயன்படுத்தினர். 1995 இல் நிறுவனம் கைமாறியது. 1998 இல் புதிய கட்டிடத்துக்குப் போனபோது ஊழியருக்குத் தனி இடம் மீண்டும் கிடைத்தது.

நம்மவரிடம் காரும் இல்லை. தாய்-சேய் பதிவேடும் கடன் அட்டைகளும் சைக்கிள் கரியரில் நனையும். கதிரையைப் பகிரலாம், பூட்டைப் பகிர முடியாது. ஒரே இரும்பு அலுமாரி, ஒரே திறப்பு என்ற வழக்கத்தில், திறப்புக்காரர் லீவில் நின்றால் அத்தனை பேரும் வாசலில் நிற்பார்கள். இரண்டு கிழமைக்கு வருபவருக்கும் கோப்பு கொள்ளும் அளவில் பூட்டுள்ள பெட்டியொன்று வேண்டும். புதிதாக வருவோருக்கென இரண்டு வெறுமையாக இருக்கட்டும்.

மேசைக் கணக்கு இலகுவானது. ஒரு மாதம் யார், எந்நாள், எத்தனை மணிநேரம் வருகிறார் என்று கொப்பியில் பதியுங்கள். ஆட்கள் கூடிய நாளின் தொகையே தேவையான மேசைகளின் தொகை.

கடினமானது பேச்சு. ஓலைத்தட்டி கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. குடும்பநல உத்தியோகத்தரிடம் தன் வருத்தத்தைச் சொல்ல வந்த பெண், பக்கத்து மேசையில் அயல்வீட்டார் கடன் தவணை கட்டுவதைக் கண்டால், "சும்மாதான் வந்தனான்" என்று திரும்பிவிடுவாள். கூரைவரை சுவரும் கதவும் உள்ள சிற்றறையொன்று, எவருக்கும் சொந்தமில்லாமல், தேவைப்பட்டவர் நேரம் குறித்துப் பாவிக்க இருக்கவேண்டும். கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால், மேசைகளை விட்டு இந்த அறையையே முதலில் கட்டுங்கள். கட்டி முடிந்ததும் அதற்குள் உரமூடை அடுக்க யாராவது கட்டாயம் கேட்பார். விறாந்தையில் அடுக்கச் சொல்லுங்கள்.