மதராசியிலிருந்து பையா வரை

நம்பிக்கை: ஒரு கூட்டத்தாரைப் பற்றிய எண்ணம், அவர்களோடு பழகிய அனுபவத்தில் பிறக்கிறது.

பால் தாக்கரே 1960-இல் தொடங்கிய 'மார்மிக்' வார இதழைப் படித்த மராத்தி இளைஞர்களில் எத்தனை பேர் பம்பாயின் மாட்டுங்காவில் ஒரு தமிழர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்? அவர்கள் கையில் வந்து சேர்ந்தது பட்டியல்தான். பம்பாய் அலுவலகங்களில் பதவியில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை அந்த இதழ் வரிசையாக அச்சிட்டது. 1966 ஜூன் 19-இல் தாக்கரேயின் சிவசேனை பிறந்தது. லுங்கிக்காரர்களை விரட்டு என்ற கோஷம் தெருவுக்கு வந்தது. மாட்டுங்கா மாமாக்கள் ஆபீசுக்கு பேண்ட் போட்டுக்கொண்டுதான் போனார்கள் என்பது வேறு விஷயம். உடுப்பி ஓட்டல்கள் மீது கல் விழுந்தது. கன்னடர், தமிழர், மலையாளி, தெலுங்கர் எல்லோருக்கும் 'மதராசி' என்று ஒரே பெயர்.

இதில் பொய் மட்டுமே இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆங்கிலமும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ரயிலேறியவர்கள் குமாஸ்தா நாற்காலிகள் பலவற்றைப் பிடித்திருந்தார்கள். ஆனால் வேலைக்கு நடந்த போட்டி எப்படி ஓட்டல் கண்ணாடியை உடைக்கும் வெறுப்பாக மாறுகிறது?

மார்மிக் வந்த அதே 1960-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் காட்ஸ் எழுதிய கட்டுரை இதற்கு உதவும். ஒரு மனப்பான்மையை மனிதன் விடாமல் வைத்திருப்பது அது அவனுக்கு ஏதோ வேலை செய்து கொடுப்பதால்தான் என்றார் அவர். நான்கு வேலைகளைச் சொன்னார்: ஆதாயம் தேடித் தரும், தன்மானத்தைக் காக்கும், நான் இன்னார் என்று காட்டும், குழப்பமான உலகத்தை வகை பிரித்துக் கொடுக்கும். வேலை கிடைக்காத இளைஞனுக்கு 'மதராசி' இந்த நான்கையும் செய்து கொடுத்தான். தோற்றது நான் அல்ல, என் இடத்தில் அவன் உட்கார்ந்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

நம்பிக்கை: சரியான தகவலைச் சொன்னால் தப்பெண்ணம் போய்விடும்.

தகவல், எண்ணத்தைத் திருத்தலாம். ஆனால் அந்த எண்ணம் பார்த்துவந்த வேலையை நிறுத்தாது. தென்னிந்தியர் மீதான கோபம் மெல்லத் தணிந்தது உண்மைதான். ஆனால் அந்த இடம் காலியாக இருக்கவில்லை. அடுத்த இலக்காகக் கம்யூனிஸ்டுகள் வந்தார்கள், பிறகு முஸ்லிம்கள். 2008-இல் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனை என்ற கட்சி வட இந்தியர்களைக் குறிவைத்தது. கொஞ்சம் நம் பக்கமும் பார்க்கலாம். ஒரு காலத்தில் 'மதராசி' என்று அடிவாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று 'பையா லோக்' (வட இந்தியர்கள்) வந்துதான் ஊர் கெட்டது என்று சரளமாகப் பேசுகிறார்கள். சென்னையில் அதற்கு 'வடக்கன்'.

நம்பிக்கை: மனதில் இருப்பதைத்தான் மனிதன் செய்வான்.

இது 1934-இல் வெளிவந்த ஓர் ஆய்விலேயே ஆட்டம் கண்டது. சமூகவியலாளர் ரிச்சர்டு லாபியர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவைச் சுற்றினார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பிறகு கடிதம் எழுதிக் கேட்டபோது, பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் சீனர்களை ஏற்க மாட்டோம் என்றனர். நேரில் நல்ல உடையோடு, சிரித்த முகத்தோடு நின்றவர்களை விரட்ட முடியவில்லை. காகிதத்தில் முடிந்தது.

நம்பிக்கை: பக்கத்தில் வாழ்ந்தால் போதும், வெறுப்பு தானே கரையும்.

திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்களும் சௌராஷ்டிரக் குயவர்களும் தாராவியில் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். 1887-இல் படி மசூதி, 1913-இல் கணேசர் கோயில். இத்தனை நெருக்கம் இருந்தும் 1992 டிசம்பரில் தாராவியிலும் இந்து-முஸ்லிம் கலவரம் மூண்டது. 1954-இல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், கலந்து பழகுவது பலன் தர நிபந்தனைகள் சொல்லியிருந்தார்: சமமான நிலை, பொதுவான குறிக்கோள், சேர்ந்து உழைப்பது, அதிகாரத்தின் ஆதரவு. கலவரத்துக்குப் பின் சமூகச் செயற்பாட்டாளர்கள் பாவ் கோர்டேயும் வகார் கானும் தாராவியில் செய்தது இதற்கு மிக அருகில் வரும். அவர்கள் உழைத்த மொஹல்லா கமிட்டிகளில், அதாவது அக்கம்பக்கத்து அமைதிக் குழுக்களில், காவல்துறையும் வந்து உட்கார்ந்தது. நட்பாகிவிட்ட இருவரும் சேர்ந்து ஒற்றுமையைப் பற்றி ஒரு படமும் எடுத்தார்கள். அந்த நட்பைப் பற்றி டாடா சமூக அறிவியல் கழகத்தின் ஜெயசங்கரும் அஞ்சலி மாண்டேரோவும் 'நாத்தா' என்ற ஆவணப்படம் எடுத்தார்கள்.

ஆல்போர்ட்டின் நிபந்தனைகளில் கஷ்டமானது முதலாவது, சமமான நிலை. "எங்க பில்டிங் வாட்ச்மேனை இருபது வருஷமாத் தெரியும், யூபிக்காரன், அவங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று மும்பை செம்பூரில் ஒருவர் சொன்னால், அந்த வாட்ச்மேன் ஒரு தடவையாவது அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பேசியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.