கரிமக் குறைகடத்திகளும் கொல்கத்தா ஆராய்ச்சியும்

துணிகளைப் பூச்சியரிக்காமற் காக்கும் அந்துருண்டைகளிற் பல, நாப்தலீன் என்னும் கரிமப் பொருளால் ஆனவை. அதற்கு இனமான ஆந்த்ரசீன் நிலக்கரித் தாரிலிருந்து கிடைப்பது. சாதாரண நிலையில் இவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆயினும், வெளியிலிருந்து மின்னூட்டம் புகுத்தப்படின் ஆந்த்ரசீன் படிகம் அதனைச் சுமந்து செல்லும், ஒளியும் விடும். இத்தகையனவே கரிமக் குறைகடத்திகள் எனப்படும்.

இதற்குக் காரணம் மூலக்கூறின் அமைப்பாகும். இப்பொருள்களிற் கரியணுக்கள் வளையங்களாக இணைந்துள்ளன. ஒவ்வொரு கரியணுவின் நான்கு வெளி எலெக்ட்ரான்களில் மூன்று, அண்டை அணுக்களோடு உறுதியாகப் பிணைந்துவிடுகின்றன. நான்காவதோ ஓர் அணுவுக்கே உரியதாய் நில்லாது, வளையங்கள் முழுவதிலும் பரவி நிற்கிறது.

இப்பரவலின் விளைவைத் துல்லியமாக அளந்தவர்களுள் ஒருவர், 1898-ல் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் கொல்கத்தாவில் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அவர் 1933 முதல் 1942 வரை பேராசிரியராக இருந்தார். சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையிற் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாகத் திருகுவது அவர் கையாண்ட முறை. ஓர் எல்லையைக் கடந்ததும் படிகம் சட்டெனப் புரளும். அக்கோணத்தைக் கொண்டு, திசைக்குத் திசை காந்தத் தன்மை எவ்வளவு வேறுபடுகிறது எனக் கணிக்கப்பட்டது. வளையத் தளத்துக்குச் செங்குத்தான திசையிற் காந்தத்தால் விலக்கப்படும் இயல்பு மிகுந்திருந்தது. பரவிய எலெக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றி ஓட வல்லவை என்பதற்கு இது சான்றாயிற்று. படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்துள்ளன என்பதை அறியவும் இவ்வளவு உதவிற்று. இங்கிலாந்தின் காத்லீன் லான்ஸ்டேலுடன் சேர்ந்து 1936-ல் அவர் இதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

மின்கருவிகளுக்கு இச்சாய்வு மிக முக்கியமானது. மூலக்கூறினுள் எலெக்ட்ரான் எளிதில் உலவும். அடுத்த மூலக்கூறுக்குத் தாவுதலே அரிது. அண்டை மூலக்கூறுகளின் எலெக்ட்ரான் மேகங்கள் நன்கு மேற்பொருந்தினால் தாவல் எளிதாகும். இரண்டு சீட்டுகளை முகத்தோடு முகமாகவும், பின்னர் விளிம்போடு விளிம்பாகவும் வைத்து ஆசிரியர் இவ்வேறுபாட்டை வகுப்பில் விளக்கலாம்.

1963-ல் நியூயார்க்கில் மார்ட்டின் போப் குழுவினர் ஆந்த்ரசீன் படிகத்தை ஒளிரச் செய்தபோது ஏறத்தாழ 400 வோல்ட் தேவைப்பட்டது. 1987-ல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் வேறு கரிமப் பொருள்களை மிக மெல்லிய இரு படலங்களாகப் படியச் செய்து, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் ஒளி பெற்றனர். இன்றைய கைப்பேசித் திரைகள் பல இவ்வழியில் வந்தவை.

காற்றும் ஈரமும் இப்படலங்களைக் கெடுக்கும். ஆகவே அவற்றை இறுக மூடிக் காத்தல் வேண்டும். சிலிக்கனிற்போல மின்னூட்டம் இவற்றில் விரைந்து செல்வதுமில்லை. எனினும் மெல்லிய, வளையக்கூடிய, அகன்ற பரப்புகளுக்கு இவை ஏற்றவை. பொருள் எதனால் ஆனது என்பது மட்டுமன்றி, அதன் மூலக்கூறுகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதும் அதன் பயனை நிர்ணயிக்கிறது என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.