பட்டியலில் ஒரு வரி: வாசித்துவிட்டுக் கடந்துவிடலாமா?

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பால்வினை நோய்களின் பட்டியல் வருகிறது. எய்ட்ஸ், சிபிலிஸ், கொனோரியா என்று கேள்விப்பட்ட பெயர்களுக்கு நடுவே டிரைகோமோனியாசிஸ் என்ற பெயரும் இருக்கும். பல ஆண்டுகளாக நான் அதை நடத்திய விதம் இதுதான்: நோயின் பெயரையும் கிருமியின் பெயரையும் கரும்பலகையில் எழுதுவேன். “ஒரு மதிப்பெண் வினாவில் வரலாம், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவேன்.

எங்கள் வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி உண்டு. பெயர் எழுதாமல் கேள்வி போடலாம். ஒரு வெள்ளிக்கிழமை அதில் இப்படியொரு தாள் கிடந்தது. அடையாளம் தெரியாதபடி சற்று மாற்றித் தருகிறேன்.

“டீச்சர், அம்மாவுக்கு ரொம்ப நாளாக வெள்ளைப்படுது. ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்ன அந்த நோய் என்றார்கள். அப்பாவையும் வரச் சொன்னார்கள். அப்பா போகவில்லை. அம்மாவைத்தான் திட்டுகிறார். இது கெட்ட வியாதியா?”

அடிக்கோடு போடச் சொன்ன எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரமே அரசு மருத்துவமனைக்குச் சென்று மருத்துவரிடமும் ஆய்வக நுட்புநரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு அந்த ஒரு வரியை இரண்டு பாடவேளைகளுக்கு விரித்து நடத்தினேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

நோயை அறிவோம்

டிரைகோமோனாஸ் வஜைனாலிஸ் என்பது ஒரு செல் உயிரி. 1836இல் பாரிஸில் ஆல்ஃபிரட் டோனே என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் கண்டு இதை விவரித்தார். முன்புறம் நான்கு கசையிழைகள் உண்டு. ஐந்தாவது இழை உடலை ஒட்டிய சவ்வோடு சேர்ந்து அசையும். துடித்துத் துடித்து நகர்வதுதான் இதன் அடையாளம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020இல் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடம் புதிதாக ஏற்பட்ட டிரைகோமோனியாசிஸ் தொற்றுகள் 15.6 கோடி. அதே ஆண்டில் கொனோரியா 8.2 கோடி, சிபிலிஸ் 71 லட்சம். குணப்படுத்தக்கூடிய நான்கு முக்கியப் பால்வினைத் தொற்றுகளில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் நம் காதில் அதிகம் விழாத பெயரும் இதுவே.

காரணம், தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருப்பதில்லை. ஆண்களிடம் இது இன்னும் அதிகம். சில பெண்களுக்கு மஞ்சள் அல்லது பச்சை கலந்த, நுரைத்த, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அரிப்பு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் ஆகியவை இருக்கும். கவனிக்காமல் விட்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பிணிகளிடம் குறைப்பிரசவத்துடனும் எடை குறைந்த குழந்தைப் பிறப்புடனும் இதற்குத் தொடர்பு காணப்படுகிறது.

ஒன்றை மாணவியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லா வெள்ளைப்படுதலும் நோயல்ல. மாதவிடாய்ச் சுழற்சியை ஒட்டி நிறமின்றி வருவது இயல்பானது. நிறம், நாற்றம், அரிப்பு மாறினால்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பரிசோதனையை அறிவோம்

“இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை” என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் இரத்தம் எடுப்பார்கள். அந்தப் பரிசோதனைகளில் டிரைகோமோனியாசிஸ் தெரியாது. இதற்குப் பிறப்புறுப்புத் திரவத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுத்தோ, சில முறைகளில் சிறுநீரைக் கொண்டோதான் பார்க்க வேண்டும்.

எளிய முறை, ஒரு சொட்டு உப்புநீரில் திரவத்தைக் கலந்து உடனே நுண்ணோக்கியில் பார்ப்பது. கிருமி துடிப்பதைக் கண்டால் உறுதி. நேரம் கடந்தால் அசைவு நின்றுவிடும், பிறகு வெள்ளணுக்களிலிருந்து பிரித்தறிவது கடினம். உடனே பார்த்தாலும் இம்முறையில் பாதிக்கு அருகில் தவறிப்போகலாம். கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட ஆர்.டி.பி.சி.ஆர். போல, கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் பரிசோதனையே மிகத் துல்லியமானது. ஆனால் அது எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை.

பி.எச். அளவும் துணைபுரியும். தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டோபேசில்லஸ் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் பெண்ணுறுப்பிலும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி அளவை 4.5க்குக் கீழே வைக்கின்றன. இத்தொற்றில் அது பெரும்பாலும் உயரும். வேதியியல் பாடத்தோடு இணைக்க இது நல்ல இடம்.

அரசு மருத்துவமனைகளில் அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சை தொடங்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை நிற மருந்துப் பொட்டலம் இலவசமாகத் தரப்படுகிறது. மருந்து எளியது, நோய் குணமாகும். ஆனால் இருவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை வேண்டும். மனைவி மட்டும் மருந்து சாப்பிட்டால் அறிகுறியில்லாத கணவரிடமிருந்து மீண்டும் தொற்றும். ஒருமுறை வந்து குணமானதால் எதிர்ப்பாற்றல் கிடைத்துவிடாது. கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை பயன்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவை: ஆளுக்கொரு கோப்பை, தண்ணீர், தெளிந்த சுண்ணாம்பு நீர், மஞ்சள் தடவி உலர்த்திய வடிதாள் துண்டுகள்.

ஒரே ஒரு கோப்பையில் சுண்ணாம்பு நீரும் மற்றவற்றில் தண்ணீரும் ஊற்றி வையுங்கள். எது என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரியட்டும். மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் நீரைக் கலந்து பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் புதிய இணையோடு, மூன்று சுற்றுகள். குடிக்கவோ கண்ணில் படவோ கூடாது என்று முதலிலேயே எச்சரித்துவிடுங்கள்.

பிறகு கேளுங்கள்: “யார் கோப்பையில் இருக்கிறது, பார்த்துச் சொல்ல முடியுமா?” முடியாது. மஞ்சள் தாளை நனைத்தால் எட்டுக் கோப்பைகள் வரை சிவக்கும்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: “இந்த எட்டில் முதல் கோப்பை எது?” என் வகுப்பில் ஆளுக்கொருவரைக் கைகாட்டினார்கள். சிவந்த தாள் அதைச் சொல்வதில்லை. நோயிலும் அப்படித்தான். அறிகுறியின்றிப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூடத் தங்கும் தொற்று இது. பரிசோதனை முடிவு, கிருமி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. முதலில் பரிசோதித்துக்கொண்டவர்தான் முதலில் நோயைக் கொண்டுவந்தவர் என்பது தவறான முடிவு. இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாக இருந்தது. நான் யார் முகத்தையும் குறிப்பாகப் பார்க்கவில்லை.

“கெட்ட வியாதி என்று ஒன்றில்லை. கண்டுபிடிக்கப்படாத வியாதிதான் உண்டு” என்று முடித்தேன்.

நாம் கவனிக்க வேண்டியவை

நாம் மருத்துவர்கள் அல்லர். நோயை ஊகிப்பதும் மாத்திரை சொல்வதும் நம் வேலையல்ல. வழிகாட்டுவது நம் வேலை. அரசு மருத்துவமனையில் உள்ள பால்வினை நோய்ப் பிரிவு, நம்பிக்கை மையம், கட்டணமில்லா 1097, 104 ஆகிய எண்களைக் கரும்பலகையில் எழுதிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லோரும் குறிக்கும்போது தேவைப்படுபவர் தனியே தெரியமாட்டார்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சிறு குழந்தை அரிப்பு, எரிச்சல் என்று சொன்னால் அதட்டாதீர்கள். குடற்புழு போன்ற சாதாரணக் காரணங்களே பெரும்பாலும் இருக்கும், மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆனால் 18 வயதுக்குட்பட்ட ஒருவர் பாலியல் குற்றத்துக்கு ஆளாகியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. மறைப்பது தண்டனைக்குரியது. உதவிக்கு 1098, 14417 எண்கள் உள்ளன.

இரண்டு வாரம் கழித்துக் கேள்விப் பெட்டியில் அதே கையெழுத்தில் இன்னொரு தாள் இருந்தது. “அந்த நம்பரை அம்மாவிடம் கொடுத்தேன் டீச்சர். கோப்பை விளையாட்டை அப்பாவிடமும் சொன்னேன்.”

அப்பா மருத்துவமனைக்குப் போனாரா என்று எழுதவில்லை. நானும் தேடிப்போய்க் கேட்கவில்லை. இந்த ஆண்டும் அந்தப் பட்டியல் வந்தது. இம்முறை அந்த வரிக்கு இரண்டு பாடவேளைகளைப் பாடத்திட்டக் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்துவிட்டேன்.