தீ அடங்கியது, புகை?

காட்டுத் தீயை அணைக்க வேண்டிய தீயணைப்புப் படையினரே காட்டுக்குத் தீ வைக்கிறார்கள் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. அங்குள்ள யூக்கலிப்டஸ் காடுகளில் எண்ணெய்ப் பசையுள்ள இலைகளும், உரிந்து விழுந்த பட்டைகளும் தரையில் உலர்ந்து குவிகின்றன. கோடையில் ஒரு பொறி விழுந்தால் போதும். ஆகவே குளிர்ந்த பருவத்தில், பலத்த காற்றில்லாத நாளாகப் பார்த்து, அந்தச் சருகுகளைச் சிறு தீயால் எரித்துவிடுகிறார்கள். இதற்குத் திட்டமிட்ட எரிப்பு என்று பெயர். அம்மண்ணின் பழங்குடி மக்கள், ஐரோப்பியர் வருவதற்கு வெகு காலம் முன்பே இத்தகைய சிறு தீயைக் கையாண்டவர்கள்.

தீயைக் கட்டுக்குள் வைத்துவிடலாம். புகையை?

2016 மே மாதத்தில் சிட்னி நகரைச் சுற்றியுள்ள காடுகளை இவ்வாறு எரித்தார்கள். (மே மாதம் அங்கே இலையுதிர் காலத்தின் இறுதி.) புகை கலையாமல் பல நாட்கள் நகரின் மேல் தங்கிவிட்டது. காரணத்தை நீங்கள் படித்த இயற்பியலைக் கொண்டே அறியலாம்.

பகலில் தரை சூடாகிறது. அதை ஒட்டிய காற்று விரிவடைந்து, அடர்த்தி குறைந்து மேலே செல்கிறது. புகையையும் தூக்கிச் செல்கிறது. மேகமற்ற, காற்றடிக்காத இரவில் நிலைமை வேறு. தரை வெப்பத்தைக் கதிர்வீசி இழந்து விரைவில் குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்துக் கீழேயே கிடக்கிறது. வெப்பமான காற்று அதற்கு மேலே மூடிபோல் அமைகிறது. இதுவே வெப்பத் தலைகீழ் மாற்றம். மார்கழி விடியலில் அடுப்புப் புகை மேலே எழாமல், வயலின் மேல் விரித்த வேட்டிபோல் நிற்பதைக் கண்டிருப்பீர்களே, அதே நிகழ்ச்சிதான். சிட்னிக்கு மேற்கே மலைகள் உள்ளன. அவற்றின் சரிவுகளிலிருந்தும் இரவில் குளிர்காற்று தாழ்நிலத்துக்கு வழிந்து இறங்குகிறது.

சிக்கலைக் கவனியுங்கள். தீ கைமீறாதிருக்கக் குளிர்ந்த, அமைதியான நாள் வேண்டும். அத்தகைய நாளின் இரவுதான் புகையைச் சிறைப்படுத்துகிறது! போதாததற்கு, ஈரப்பதமுள்ள சருகு கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று புகைகிறது. அப்போது துகள்கள் கூடுதலாக வெளிவருகின்றன.

அத்துகள்கள் தாமாகவே கீழே படிந்துவிடாவா? கணக்கிட்டுப் பார்ப்போம். புகைத் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் சிறியவை. (தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.) ஸ்டோக்ஸ் விதிப்படி, சிறு கோளம் காற்றில் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அரை மைக்ரான் துகள் அசைவற்ற காற்றில் 1 மீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். காற்று சற்றே அசைந்தாலும் அது மிதந்துகொண்டே இருக்கும்.

நம் மூக்கும் தொண்டையும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை செல்கின்றன. அங்கே அழற்சி உண்டாகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறுகிறது. அழற்சியின் விளைவு இரத்தத்தின் வழியே இதயத்தையும் எட்டுவதால், புகை நாட்களில் மாரடைப்பும் கூடுகிறது. கைக்குட்டையைக் கட்டிக்கொள்வதால் பெரும் பயனில்லை. துணியின் இடைவெளிகள் இத்துகள்களுக்கு அகன்ற வாசல்கள்.

2016 மே மாதப் புகையால் சிட்னியில் 14 பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். எவருடைய இறப்புச் சான்றிதழிலும் 'புகை' என்று எழுதியிருக்காது. துகள்களின் அளவையும் மக்கள் தொகையையும் கொண்டு புள்ளியியல் முறையில் பெற்ற எண் இது.

அப்படியானால் எரிப்பதை நிறுத்திவிடலாமே என்பீர்கள். 2019-20 கோடையில் கிழக்கு ஆஸ்திரேலியாவில் மூண்ட பெருந்தீயின் புகைக்கு இதேபோன்ற முறையில் கிடைத்த மதிப்பீடு 417 இறப்புகள். ஆனால் 417-லிருந்து 14-ஐக் கழித்து விடை காண முயலாதீர்கள். முன்கூட்டி எரித்த இடத்தில் சில ஆண்டுகளில் சருகு மீண்டும் சேர்ந்துவிடும். கடும் வெப்பமும் சூறைக்காற்றும் சேர்ந்த நாளில், எரித்த பகுதியையும் தீ தாண்டிச் செல்வதுண்டு. என் கருத்தில், எரிப்பதா வேண்டாமா என்பதைவிட எந்த நாளில், எவ்வளவு பரப்பை என்பதே சரியான கேள்வி. காற்றின் திசையையும் இரவின் தலைகீழ் மாற்றத்தையும் முன்கணித்து, ஆஸ்துமா நோயாளிகளுக்கு முதல் நாளே அறிவித்தால், அவர்கள் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல்களை அடைத்து வீட்டுக்குள் இருக்கலாம்.